காய்ந்த ஆறு

சாப்பிட்டாயா என்று அம்மா இந்த ஞாயிறும் கேட்கவில்லை.

அவள் கேட்டது வேறு. "அந்த ஆத்துல தண்ணியே இல்லையா, தனா?"

"ஒரு சொட்டு இல்லம்மா. வெறும் மணல். கையால தோண்டினா கொஞ்சம் ஊறும்."

கட்டாய ராணுவச் சேவை என்று தனசேகரனை அழைத்துப் போய் ஐந்து மாதம் ஆகிறது. பர்மிய நாட்டின் நடுவே, மழை எட்டிப் பார்க்காத பொட்டல் வெளியில் ஒரு சிறு காவல் முகாம். போன் சார்ஜென்டுடையது. அவர் பக்கத்தில் இருப்பார். ஸ்பீக்கரில், பர்மிய மொழியில் மட்டும்தான் பேச வேண்டும்.

தெற்கே, துறைமுக நகரத்தின் தாமுவே பகுதி வீட்டில் அம்மா அம்சாவும் தங்கை ரூபாவும் போனைப் பாயில் வைத்துக் குனிந்திருந்தார்கள். அப்பா சொக்கன் இல்லை. துறைமுகத்தைத் தாண்டி லாரி ஓட்டாதவர், இந்த மாதம் வெங்காய லோடு என்று மூன்றாம் முறையாக வடக்கே போயிருந்தார்.

"வெயில் பழகிடுச்சாண்ணே?" என்றாள் ரூபா.

"வெயில் பழகிடுச்சு. பூட்ஸுக்குள்ள மணல்தான் பழகல. எல்லாரும் படுத்திருக்கிற நேரத்துல வெளிய நடப்பேன். கள்ளி, முள்ளு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. நேத்து என் பேர நானே சத்தமா கூப்பிட்டுப் பார்த்தேன்."

ரூபா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆத்துப் பக்கம் எதுக்குப் போற?"

"சார்ஜென்டுக்குக் கல்லாப் போன மரத்துண்டு வேணும்மா. ஆதி காலத்து மரம், மண்ணுக்குள்ள கெடந்து கல்லாயிடுச்சு. அழகா இருக்கும். ஞாயித்துக்கிழமை மதியம் நான்தான் பொறுக்கிட்டு வருவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"மணல் அள்ள லாரியெல்லாம் வருமா?"

எதிர்ப்பக்கம் சார்ஜென்ட் சிரித்தார். "என்ன அம்சாம்மா, மணல் யாவாரமா?"

"எங்க தெருவுல வீடு கட்டுறாங்க, சார். நாலு காசு பாக்கலாம்னுதான்," என்று அம்மாவும் சிரித்தாள்.

"வரும்மா. இடிஞ்ச புத்தர் கோயிலுக்குக் கிழக்கால தடம் இருக்கு," என்றான் தனா. அவன் குரல் இறங்கிவிட்டது.

"அடுத்த வாரமும் போவியா?"

"போகணும். இதவிடப் பெரிய துண்டா கேட்டிருக்காரு."

"சரி, வை."

போன் அடங்கியது. ரூபா எழுந்து நின்றாள். "அவன் தன் பேர தானே கூப்பிட்டுக்கிட்டுத் திரியிறான். நீ மணலு, லாரின்னு பேசுற. உனக்கு மனசே இல்லையாம்மா?"

அம்மா கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். அப்பாவின் எண்ணைப் போட்டு, தாழ்ந்த குரலில் தமிழில் பேசினாள்.

"ஏங்க, அடுத்த ஞாயிறு மதியம். இடிஞ்ச கோயிலுக்குக் கிழக்கால தடம் இருக்காம். கூட யாரும் வர மாட்டாங்க. புள்ளைக்கு இன்னும் தெரியாது. உங்களப் பாத்ததும் கத்திடப் போறான், பாத்துக்கங்க."

போனை இடுப்பில் செருகினாள். ரூபாவின் பக்கம் திரும்பினாள்.

"உன் துணிய எடுத்து வை. அவனத் தேடி மொதல்ல இங்கதான் வருவாங்க. அவன் லாரியில ஏறும்போது நாம இந்த வீட்ல இருக்கக் கூடாது."