வலிக்காத கட்டி

“முடியாது. கட்டியிலேர்ந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புறேன்னு சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்” என்று நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார் கண்டக்டரம்மா.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவர் முழங்கையில் வந்தது அபூர்வமான தோல் புற்றுநோய். பூச்சிக்கடி என்று எல்லாரும் ஒதுக்கியதை இந்த டாக்டர்தான் சந்தேகப்பட்டு, அகலமாக வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுக்க வைத்தார்.

டாக்டர் பொறுமையாக மறுபடியும் குனிந்தார். காதை அழுத்திய முகக்கவச நாடாவைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, விளக்கை அருகே இழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். அக்குளிலும் நெறி கட்டவில்லை.

“சுத்தமா இருக்கும்மா. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல. புதுசா கட்டி எதுவும் தெரியலையே?”

“இருக்கு. பட்டாணி அளவுல, செவசெவன்னு, பளபளன்னு. இந்தக் கண்ணால பாத்தேன்.”

“வலிக்குதா?”

“வலிச்சிருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்குமே! ‘வலிக்காத கட்டியைத்தான் நம்பக் கூடாது’ன்னு சொன்னது யாரு? நீங்கதானே?”

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “அம்மா, வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்க! எடத்தைக் காலி பண்ணுங்க.”

“ஊரையே எறக்கி விட்டவ நான். என்னை எறக்க இன்னும் ஆளு பொறக்கல. நீ போம்மா.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, எங்கேன்னு காட்டுங்க.”

“முதல்ல வாக்கு குடுங்க. காட்டினதும் ‘இது வெறும் கொப்புளம், நேரமில்ல, அப்புறம் பாக்கலாம்’னு தட்டிக் கழிக்கக் கூடாது.” கண்டக்டரம்மா முழங்கைத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். “அன்னிக்கு நீங்க அப்படி விட்டிருந்தா, இன்னிக்கு நான் இங்க வாயாடிக்கிட்டு உக்காந்திருப்பேனா?”

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கடவுள் மேல ஆணை. இன்னிக்கே சதை எடுத்து அனுப்பிடலாம். போதுமா?”

கண்டக்டரம்மா சட்டென்று எழுந்தார். நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பிப் போட்டார்.

“உக்காருங்க டாக்டரம்மா. உங்க காதுக்குப் பின்னாடி இருக்கு.”