பெர்க்மான்ஸின் பதிலாள்

வரப்போகும் வீடியோ கேமின் ட்ரெய்லரைப் பார்த்துவிட்டால், ஐம்பது வயதிலும் தூத்துக்குடி பெர்க்மான்ஸுக்குச் சோறு இறங்காது. எந்தக் கேம் வந்தாலும் முதல் நாளே வாங்கிவிடுவார். விளையாடத்தான் நேரமில்லை. அதனால் ஊரில் எல்லோரையும்போல அவரும் ஒரு பதிலாளை வைத்திருந்தார். அவரைப் போலவே பேசி, அவரைவிட நன்றாக விளையாடும் மென்பொருள் அது. கோவையில் படிக்கும் மகள் ஜெனிட்டாவோடு தினமும் மாலையில் விளையாடியது அதுதான். மகளிடம் அவர் அதைச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு உறுத்த, தானே கேமுக்குள் போனார். முதல் பாலத்திலேயே தவறி விழுந்து செத்தார். எழுந்து வந்து மறுபடியும் செத்தார்.

"நீங்க நெஜ அப்பாவா?" என்று கேட்டது ஜெனிட்டாவின் உருவம்.

"ஆமாட்டி மக்களே!" என்றார் பூரிப்போடு.

"நான் ஜெனிட்டாவோட பதிலாள் சார். நானும் உங்க பதிலாளும் நல்லா ஆடிட்டிருந்தோம். நீங்க கொஞ்சம் வெளிய போனா முடிச்சிருவோம்."

தான் வாங்கிய கேமிலிருந்தே துரத்தப்பட்டவர், மகளுக்குப் போன் செய்தார்.

"ஏட்டி, நீ விளையாடவே இல்லியா?"

"அப்ப நீங்களும் இல்லியாப்பா?"

யார் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள்.

"அது கெடக்கட்டும். புதுசா வரப்போற கடல் கேம் ட்ரெய்லர் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பேனா? அந்தத் திமிங்கலம் வாயத் தொறக்கும்போது..."

"ஐயோ, ஆமாப்பா!"

தட்டில் இட்லி ஆறிப்போகும்வரை பேசினார்கள். பேச்சோடு பேச்சாக இருவரும் அதை முன்பதிவும் செய்துவிட்டார்கள்.

"வாங்கிட்டோம், சரி. யாருப்பா ஆடப்போறா?"

"அத அதுங்க பாத்துக்கும். நீ திமிங்கலத்தச் சொல்லு."