மூடி

என் வீட்டுக்காரர் சர்ச்சுல சாட்சி சொல்ல மைக்கைப் பிடிச்சதுமே, என் நாத்தனார் எழுந்து வெளியே போயிட்டாங்க.

எனக்கு வந்ததே கோபம்! கூடப்பிறந்த தம்பி சபை முன்னாடி கண்ணீர் விட்டுப் பேசுறார். உட்கார்ந்து கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவாங்க?

"கல்நெஞ்சக்காரி"ன்னு பின்வரிசையில யாரோ முணுமுணுத்தாங்க. நான் திரும்பிப் பார்த்து முறைக்கலை. மறுத்துச் சொல்லவும் இல்லை.

எங்க சர்ச்சோட பழைய பெடல் ஆர்கனுக்கு அன்னைக்கு விடைகொடுக்குற ஆராதனை. அடுத்த வாரம் புதுசு வருது. ஒரு காலத்துல அதை வாசிச்சது நாத்தனார்தான். அவங்க பெடல் மிதிக்கிறதைப் பார்க்கணும்னே, சின்னப் பிள்ளையில நான் முதல் வரிசைக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடுவேன். வாசிக்கும்போது அவங்க உதடும் கூடவே பாடும். ஹும், அதெல்லாம் ஒரு காலம்!

"விளையாட வரமாட்டேன்னு சொன்ன கோபத்துல, அக்கா வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஆர்கன் மூடியை ஓங்கிப் போட்டுட்டேன். அக்காவோட வலது கை விரலெல்லாம் அப்புறம் மடங்கவே இல்லை. நான் பாவி!"

சாட்சியில இந்த இடம் வந்ததும் அவர் கர்ச்சீப் வெளியே வரும். எத்தனை தடவை பார்த்திருக்கேன்! அன்னைக்கும் வந்துச்சு.

திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போனோம். அவர் மட்டும் அசையலை.

"எனக்குத் தகுதியில்லை. அக்கா இன்னும் மனசார மன்னிக்கலை."

வருஷக்கணக்கா இதே பேச்சு. நல்ல நாள் பெரிய நாள்ல கூட மனுஷன் வாய்விட்டுச் சிரிச்சதில்லை. அவருக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும்னு, ஆராதனை முடியுறதுக்குள்ளேயே பின்கட்டு அறைக்குப் போனேன்.

நாத்தனார் காபி கப்புகளை ஒவ்வொண்ணா மேஜையில எடுத்து வெச்சுக்கிட்டு இருந்தாங்க. உள்ளே ஆர்கன் கடைசிப் பாட்டுக்கு ஆரம்பிச்சுது. கப்பை விட்டுட்டு, அவங்க இடது கை விரல் மேஜைமேல தானா வாசிச்சுது. பார்த்ததும் பாதிக் கோபம் போயிடுச்சு. மீதியோட பேசினேன்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. அறியா வயசுல செஞ்சது. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?"

சிரிச்சாங்க.

"ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டேனேம்மா. கட்டுப் போட்ட கையோட அவனை மடியில போட்டுத் தட்டிக்கொடுத்தேன். என் கல்யாணத்துல அழுதான், சொன்னேன். உன் கல்யாணத்துல அழுதான், அப்பவும் சொன்னேன்."

"அப்போ ஏன் பாதியில எழுந்து வந்தீங்க?"

"வெளியே வந்ததும் எல்லாரும் காபி கேட்பாங்களே. எனக்கு எடுத்து வைக்க நேரமாகும்ல."

அதுக்குள்ள என் வீட்டுக்காரர் வந்துட்டார். கண்ணெல்லாம் சிவப்பு.

"எழுந்து போயிட்டியே அக்கா! உனக்கு இன்னும் மனசு ஆறலை. நான் எங்கே போய் முட்டிக்குவேன்? என் நிலைமை யாருக்கும் வரக்கூடாது!"

நாத்தனார் பெரிய ஃபிளாஸ்க்கை இடுப்போட அணைச்சுக்கிட்டு, இடது கையால மூடியைத் திருகினாங்க. யாரோ இறுக்கி மூடியிருக்காங்க. கை வழுக்குச்சு. மறுபடியும் திருகினாங்க. மறுபடியும் வழுக்குச்சு.

அவர் அழுதுக்கிட்டே இருந்தார். நானும் அவரைத்தான் பரிதாபமா பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஃபிளாஸ்க்கை அவர் முன்னாடி 'டக்'குனு வெச்சாங்க நாத்தனார்.

"அன்னைக்கு ஒரு மூடியைப் போட்டே. அதை அன்னைக்கே மன்னிச்சாச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளாவது எனக்கு ஒரு மூடியைத் திறந்து கொடுத்திருக்கியாடா?"

அழுகை அப்படியே நின்னுபோச்சு. கண்ணைத் துடைச்ச கர்ச்சீப்பையே மூடியில சுத்தி அழுத்தித் திருகினார். திறந்துக்கிச்சு.

இத்தனை வருஷத்துல அந்தக் கர்ச்சீப் உருப்படியா ஒரு வேலை செஞ்சது அன்னைக்குத்தான்.