புது இன்ஜின் வந்த சாயங்காலம்

தினமும் சாயங்காலம் அந்த கூட்ஸ் வண்டி சிக்னலுக்காக அவள் காவல் காக்கும் ரயில்வே கேட்டில் நிற்கும். பழைய டீசல் இன்ஜின் உறுமுகிற உறுமலில் கேட் கீப்பர் அறையில் தண்ணீர்த் தம்ளர்கூட ஆடும். வண்டி கிளம்புகையில் அவள் பச்சைக் கொடியை நீட்டியபடி டிரைவரிடம் ஏதோ சொல்வாள். அவனும் ஏதோ சொல்லித் தலையாட்டிவிட்டுப் போவான். 'பார்த்துப் போங்க', 'வரேன்' என்று பேசிக்கொள்வதாகவே பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

இன்று வந்தது புது மின்சார இன்ஜின். பொன் வெயிலில் ஒரு மேகம்போல் மிதந்து வந்து நின்றது. சிக்னல் விழுந்ததும், பழக்கதோஷத்தில் அவள் கொடியை நீட்டி வழக்கம்போலச் சொன்னாள்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

கேட்டில் காத்திருந்த சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கொடியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குக் கேட்காதுன்னு நெனச்சுத்தான் தினமும்..."

"கேட்காதுதான். ஆனா அந்தச் சத்தத்துல நானும் அசிஸ்டன்ட்டும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிப்போம்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். தினமும் பதில் சொல்லிட்டுத்தானே போறேன். நீங்க பாட்டுக்குக் கொடியைச் சுருட்டிட்டு உள்ள போயிடுவீங்க. சரி, விளையாட்டுக்குக் கேக்கறீங்கன்னு இருந்துட்டேன்."

"என்ன பதில்?"

வண்டி சத்தமில்லாமல் நகரத் தொடங்கியது. அவன் ஜன்னலில் தலையை நீட்டி, அதே பழைய டீசல் காலத்துக் குரலில், கேட்டின் இரண்டு பக்கமும் கேட்கும்படி கத்தினான்.

"என்னைக்கு வெச்சுக்கலாம்?"