கம்பிச் சோதனை

"இந்தக் கம்பி ஆகாது. வண்டியை ஓட விட முடியாது."

கொழுந்தன் இப்படிச் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முழங்கை நீளமுள்ள பழைய காலத்துப் பந்தயப் பொம்மைக் கார் அது. பெட்ரோல் எஞ்சின். மைதானத்து நடுக்கம்பத்தில் இரும்புக் கம்பியால் கட்டி விட்டால், வண்டு மாதிரி இரைந்துகொண்டு வட்டமடிக்கும். செத்துக் கிடந்த எஞ்சினுக்கு உயிர் கொடுக்க அவள் கணவர் வருஷம் முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்திருந்தார். இன்றைக்குத்தான் பந்தயம்.

பந்தயத்துக்கு வரும் கம்பிகளைச் சோதிப்பது கொழுந்தன் வேலை. வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது.

"என்னடா குறை? காட்டு பார்க்கலாம்," என்றார் கணவர். வீட்டு மேசையில் சுருட்டி வைத்திருந்த கம்பியை அப்படியே கொண்டு வந்து கொடுத்தவர் அவர்.

"காட்ட மாட்டேன். ஆகாதுன்னா ஆகாது." கம்பியைத் தன் தோள்பையில் திணித்துக்கொண்டான்.

வேறு கம்பி கொண்டு வரவில்லை. கணவர் எண்ணெய்க் கையை மஞ்சள் துண்டில் துடைத்து, அதை அவளிடம் நீட்டிவிட்டு, காரைத் தூக்கிக்கொண்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்தார். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்தன் முன்னால் போய் நின்றாள்.

"உனக்கு மனசாட்சி இருக்கா? எல்லாம் வயித்தெரிச்சல்!"

"அண்ணி, மெதுவா..."

"என்ன மெதுவா? எல்லாரும் கேட்கட்டும்! கூடப்பிறந்தவன் செய்யற வேலையா இது? மனுஷன் கண்ணுல ஒத்திக்காத குறையா வெச்சிருந்த பொருள்ல குறை கண்டுபிடிச்சானாம், பெரிய நீதிபதி!"

"பழைய பகையைத் தீர்த்துக்கறான்யா," என்று யாரோ முணுமுணுத்தார்.

அவன் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வாயைத் திறக்க மாட்டியே! திறந்தா குட்டு வெளிப்பட்டுடுமே! எடு கம்பியை. காட்டு!"

அடுத்த கார் கிளம்பியது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியதும், அவளுக்கு மட்டும் தெரியும்படி பையைத் திறந்தான். ஆணியில் இழுத்துக் கட்டியது போலக் கம்பி ஓரிடத்தில் மடிந்து நொடிந்திருந்தது.

"ஓடும்போது இங்கே அறுந்தா, கார், துப்பாக்கிக் குண்டு மாதிரி யார் மேலயாவது பாஞ்சிடும் அண்ணி."

மடிப்பில் மஞ்சள் நூல் ஒன்று சிக்கியிருந்தது.

அவள் கை தானாகத் தோளிலிருந்த துண்டைப் பிடித்தது.

"இனிமே துணி காயப்போட நல்ல கயிறா நான் வாங்கித் தர்றேன். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர் கோபம் என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்."