புடவை கண்ணில் பட்டால்

"இங்கேயே உட்கார்ந்திரு. ஒரே நிமிஷம், வந்துடறேன்."

கமலினியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பாலகிருஷ்ணன் கூட்டத்துக்குள் பாய்ந்தான்.

அவன் போன திக்கைப் பார்த்தாள். நினைத்தது சரி. அங்கே ஒரு மஞ்சள் புடவை போய்க்கொண்டிருந்தது.

ஏழு மாதம் நிறைந்த பெண்டாட்டியை இப்படி விட்டுவிட்டு ஓடுவது இது முதல் தடவையும் இல்லை.

கனடாவில் மொன்றியலுக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் அவன் அவளை எங்கேயும் அழைத்துப் போனவன் இல்லை. பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினீயர். வீட்டுக்கு வந்தாலும் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இந்த ஆகஸ்ட் பிறந்ததிலிருந்துதான் என்ன வந்ததோ, ஊரில் எங்கே திருவிழா, எங்கே ஆட்டம் பாட்டம் என்றாலும் உடனே கிளம்பியாக வேண்டும்.

"நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொன்னார், வா."

போனால் ஓர் இடத்திலாவது நிற்பானா?

பக்கத்துத் தெருவில் கிரேக்கர்களின் மாதா கோயில் திருவிழா. மெழுகுவத்தியும் பூவுமாக மாதா படம் தெருவுக்கு வந்ததும் கமலினி கையெடுத்துக் கும்பிடப் போனாள். அதற்குள், "கிளம்பு, இங்கே ஒருத்தரும் இல்லை" என்றான்.

இத்தனை ஜனம் நெரிகிறது. ஒருத்தரும் இல்லையாம்!

துறைமுகத்துக்கு மேலே இருக்கும் சதுக்கத்தில், பூக்கடைகளுக்கு நடுவே ஒரு கிழவர் இரண்டு காலாலும் தாளம் தட்டிக்கொண்டே பிடில் வாசித்தார். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாட்டு முடிவதற்குள் கையைப் பிடித்து இழுத்தான். "வா வா, போலாம்."

இன்றைக்கு ஆற்றின் நடுவே இருக்கும் தீவு. போன வருஷத்து உலகக் கண்காட்சியை இந்தக் கோடையிலும் நடத்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் உக்ரேனியப் பெண்கள் பாவாடை விரியச் சுழன்று ஆடினார்கள். ஆற்றில் ஒரு பெரிய கப்பல் ஊதிக்கொண்டு போயிற்று. பாலகிருஷ்ணன் எதையும் பார்க்கவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, கூட்டத்தைக் கண்ணால் துழாவிக்கொண்டே இருந்தான்.

இப்போது மஞ்சள் புடவைக்காரியை மடக்கிவிட்டான். என்னவோ சொல்கிறான், சிரிக்கிறான், கையை ஆட்டுகிறான். சின்னப் பெண். ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டு விடுவிடென்று போய்விட்டாள்.

அவன் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"யாரு அவ?"

"யாரோ. குஜராத்திக்காரங்களாம்."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு உங்களுக்கு என்ன ஆகணும்?"

"சும்மாதான்… நம்ம ஊர்க்காரங்களோன்னு…"

"போன வாரம் பச்சைப் புடவை. அதுக்கு முன்னாடி கண்ணாடி போட்ட ஒருத்தி. புடவை கண்ணுல பட்டாப் போதுமா? நானும் புடவைதானே கட்டியிருக்கேன்?"

"கமலி, இங்கே வேண்டாம். எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டுமே! கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. என்னை இழுத்துக்கிட்டு வந்து உட்கார வெச்சுட்டு நீங்க…"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று.

"கமலி, ஒரே ஒரு நிமிஷம்."

ஓடியே விட்டான். இந்தத் தடவை அரக்கு நிறம்.

கமலினிக்குக் கண்ணில் நீர் முட்டியது. போதும். வீட்டு வழி அவளுக்கும் தெரியும். பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெட்ரோவை நோக்கி நடந்தாள். எதிரே வந்த கூட்டம் இடித்துத் தள்ளியது. ஒருவன் தோளில் மோதிவிட்டு "பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான்.

பின்னாலிருந்து யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள்.

"மெதுவாம்மா, மெதுவா. வயித்துல இடிச்சுடப் போறா."

தமிழ்!

கமலினி அப்படியே நின்றுவிட்டாள். புருஷனைத் தவிர வேறொருவர் வாயால் தமிழ் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். அரக்குப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. அவளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், மூச்சு வாங்கியபடி பாலகிருஷ்ணன்.

"நீதானே கமலினி? நான் அம்புஜம். எங்காத்துக்காரர் இங்கே காலேஜ்ல கணக்கு ப்ரொபசர். உன் ஆத்துக்காரர் ஓடி வந்து, 'தமிழா? தமிழா?'ன்னார். ஆமான்னேன். அவ்வளவுதான், என் கையைப் பிடிச்சுண்டு அழாத குறை."

"எதுக்கு?"

"'என் மனைவிக்கு அம்மா இல்லை. தலைப் பிரசவம். அந்த நேரத்துல அவ பக்கத்துல நின்னு, பயப்படாதேன்னு தமிழ்ல சொல்ல ஒரு பொம்மனாட்டி வேணும். வருவேளா?'ன்னு கேக்கறார். கோடை போயிட்டா எல்லாரும் வீட்டுக்குள்ள போயிடுவா, அப்புறம் தேட முடியாதேன்னு ஊர்ல ஒரு கூட்டம் விடாம அலைஞ்சிருக்கார்."

கமலினி திரும்பிப் பாலகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"நான் ரெண்டு பெத்தது இந்த ஊர்லதான். அப்போ எனக்கு யாரும் இல்லை. எனக்குத் தெரியாதா? கண்டிப்பா வரேன்."

"என்கிட்ட… ஒரு வார்த்தை சொல்லலையே இவர்!"

"ஆள் கிடைக்கலேன்னா நீ ஏமாந்து போயிடுவியாம்."

கமலினி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பயமா இருக்குன்னு இவர்கிட்ட ஒருநாளும் சொன்னதே இல்லையே, மாமி."

அம்புஜம் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ராத்திரியில எழுந்து உக்காந்து சத்தமில்லாம அழறியாமே? அப்பல்லாம் அவர் தூங்கலைடி அம்மா. தூங்கற மாதிரி கண்ணை மூடிண்டு படுத்திருந்தாராம்."