மூன்றாவது வார்த்தை

"கட்! 'உங்கப்பா இனி...' அப்புறம்? இனி என்னம்மா? டீ குடிக்கப் போயிட்டாரா?"

டைரக்டர் கத்தியதில் யூனிட்டே சிரித்தது.

நேற்றுவரை ஃபேஷன் ஷோக்களில் நடந்துகொண்டிருந்த மாடல், இன்று கதாநாயகி. மூன்று வருஷம் ஆடிஷன் வாசலில் நின்று வாங்கிய வேஷம். கையில், ஷூட்டிங்குக்கென்று கூட்டிவந்த ஏழு மாதக் குழந்தை.

"சாரி சார். மறந்துட்டேன்."

"மூணே வார்த்தைம்மா! 'உங்கப்பா இனி வரமாட்டார்டா.' முதல் டேக்ல சொன்னியே!"

சொன்னாள்தான். சொன்ன நொடியே குழந்தை வீறிட்டு அழுதது. "உன்னைவிட அது நல்லா நடிக்குது" என்று எல்லோரும் கைதட்டினார்கள். கேமரா ஃபோகஸ் தப்பியதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அப்போதிலிருந்து 'இனி'யைத் தாண்டவில்லை.

விளக்குகளுக்குப் பின்னால் குழந்தையின் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா இவ, என் புள்ளையை இந்தச் சூட்டுல போட்டு வாட்டுறா?"

மேக்கப் அக்கா உதட்டைச் சுழித்தாள். "நடக்கச் சொன்னா நடக்கும். பேசச் சொன்னா முழிக்கும். அவ்வளவுதான் சரக்கு."

டேக் எட்டு. ஒன்பது. பத்து.

டைரக்டர் தொப்பியைக் கழற்றி வீசினார். "இதான் கடைசி. சொதப்பினா நாளைக்கு வேற பொண்ணு!"

மாடல் குழந்தையைப் பார்த்தாள். கேமராவில் விழாமல் குழந்தையின் காலருகே குந்தியிருந்த உதவி இயக்குநரைப் பார்த்தாள்.

"உங்கப்பா இனி..."

"கட்!"

"சார்... குழந்தை கனக்குது. பொம்மை குடுத்தா வசனம் வந்துடும்."

"ஏன், மகாராணிக்கு நகம் உடைஞ்சிடுமோ?" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எதையாவது குடுத்துத் தொலைங்கடா! அழுகைச் சத்தம் முதல் டேக்ல இருக்கு, ஒட்டிக்கலாம்."

துணி சுற்றிய பொம்மை வந்தது.

ஒரே டேக். லைட்மேன்கூட மூக்கை உறிஞ்சினார்.

"பொம்மைக்குப் பொம்மைதான் பொருத்தம்," என்றார் டைரக்டர். "பிழைச்சே, போ!"

குழந்தையை வாங்கிய அம்மா போர்வையை விலக்கினாள். தொடையில் சிவப்பாக ஒரு நகத்தடம்.

"அடப்பாவி!" உதவி இயக்குநரின் சட்டையைப் பிடித்தாள். "பச்சைப் புள்ளையைப் பதினோரு தடவையுமா கிள்ளினே?"

"ஐயோ, ஒரே ஒரு தடவைதாங்க! 'வரமாட்டார்டா'ன்னு சொன்னதும் கிள்ளணும்னு உத்தரவு. முதல் டேக்குக்கு அப்புறம் அந்தப் பொண்ணு அந்த வார்த்தைகிட்டயே வரலையே!"